முன்சீற் அண்ணை

சொந்தக் காரை அடுத்தவனிட்டை ஓடக் குடுத்துப்போட்டு, பக்கத்துச் சீற்றிலை குந்தியிருந்தே மனவருத்தம் மாத்தின மனுசன் ஜேர்மனி முழுக்க ஒருத்தர்தான். எங்கட ஹம் நகரத்து முன்சீற் அண்ணை.

அவரின்ரை உண்மைப் பேர் கோயில் அர்ச்சனைக்கு மட்டும்தான் பயன்பட்டது. எங்களைப்போல அகதியாய் வந்து, நாற்பது வயசிலை பெடி பெட்டையளோடை வகுப்பிலை இருந்து படிச்சு, சமூகசேவையாளர் ஆனவர். மனம் உடைஞ்சுபோன எங்கட சனத்தைப் பாக்கிறதுதான் வேலை. அதுக்கு ஒரு அறை குடுத்தவை. ரெண்டு கதிரை, நடுவிலை கண் துடைக்க ஒரு ரிஷூப் பெட்டி. அந்தப் பெட்டியைக் கண்டதும் எங்கட ஆம்பிளையள் எழும்பி ஓடச் சப்பாத்தைத் தேடுவினம். ஆராவது பாத்தால் விசரன் எண்டு பேர் வந்திடுமெல்லோ.

அண்ணை அறையைப் பூட்டிப்போட்டுக் காரை எடுத்தார். வீட்டு வாசலிலை வந்து நிண்டு, "தம்பி, முதுகு பிடிச்சுப்போச்சு. ஊன்ட்றொப் அம்மன் கோயில் வரைக்கும் ஒருக்கா காரை ஓடுமன்" எண்டுவார். உதவி எண்டு கேட்டால் எங்கட ஆள் ஏலாது எண்டு சொல்லுவானே? கோயில் கிட்டத்தான். ஆனால் அண்ணை வழி சொன்னால் டுசல்டோர்ஃப் எல்லாம் சுத்தித்தான் அம்மனைக் கும்பிடலாம். ஆளின்ரை கவலை கூடக் கூடத் தூரமும் கூடும். றோட்டைப் பாத்துக்கொண்டு ஓடேக்கை, எதிரிலை முகம் இல்லாததாலை, எல்லாரும் தங்கட பாட்டிலை கதைக்கத் துவங்கிவிடுவினம்.

என்ரை மனுசனின்ரை தம்பியை ஊரிலை பிடிச்சுக்கொண்டு போய், பிறகு ஆள் இல்லை எண்டு செய்தி வந்தது. அண்டையிலையிருந்து மனுசன் வேலைக்கும் போகேல்லை, வாயும் திறக்கேல்லை. கெஞ்சினன், ஏசினன், சோத்துக் கோப்பையை நங்கெண்டு வைச்சும் பாத்தன். ஆளைப் பறிகுடுத்திடுவனோ எண்ட பயத்திலைதான் அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தனான்.

வந்தார். தன்ரை முதுகைப் பிடிச்சார். இவரும் கார்த் திறப்பை வாங்கிக்கொண்டு போனார். காலமை போனவையைப் பின்னேரம் ஆகியும் காணேல்லை. நான் யன்னலுக்கும் கதவுக்கும் நடந்து களைச்சுப்போனன்.

கடைசியிலை கார் வந்து நிண்டது. இவர் இறங்கி வந்தார். மாசக்கணக்குக்குப் பிறகு என்னோடை கதைச்சார்.

"பிறேமன் நகரம் வரைக்கும் போனம். நேரை விடும் எண்டுபோட்டு அண்ணை நித்திரையாய்ப் போனார். தம்பியைப் பற்றி எல்லாம் சொல்லிச் சொல்லி அழுதுபோட்டன். நல்லகாலம், அந்தாளுக்கு ஒண்டும் கேட்டிருக்காது."

எனக்கு வந்ததே ஒரு கோவம். சம்பளம் வாங்கிக்கொண்டு நித்திரையோ? போய்க் கார்க் கதவைத் திறந்தன்.

"என்ன அண்ணை, வடிவாய்ப் படுத்தீங்களோ?"

"ஓம் தங்கச்சி, நல்ல நித்திரை" எண்டார்.

அண்ணையின்ரை கண் ரெண்டும் அழுதழுது வீங்கிப்போய்க் கிடந்தது. என்ரை கூடப்பிறந்த அண்ணைமாரிலையும் எனக்கு இவ்வளவு பாசம் வந்ததில்லை.