டம்ளருக்கு ஒரு நிமிடம் ஐம்பது விநாடி

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அலுவலகப் பயிற்சி எப்படிப் போகிறது, புது இடத்துத் தண்ணீர் பேத்திக்கு ஒத்துக்கொண்டதா என்றெல்லாம் விசாரிப்பது முறை. விசாரித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். விஷயமும் தண்ணீர்தான்.

கைப்பேசி இருக்கும்போது மாமா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். உங்கள் எண்ணை எப்போது அழைத்தாலும் என் மகள்தான் எடுக்கிறாள். “என்னப்பா, எல்லாம் ஒழுங்கா இருக்கா?” என்று அவள் கேட்பதும், “எல்லாம் பிரமாதம்மா” என்று நான் சொல்வதும் ஒரு வாரமாக நடக்கிறது. உங்கள் அலுவலக நண்பர் நாளை உங்களிடம் வருகிறாராம், ஏதோ கோப்பு எடுக்க இன்று ஐந்து மணிக்கு இங்கே வருவதாகச் சொன்னார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து என் மகளுக்குத் தெரியாமல் படியுங்கள். அவள் எட்டிப் பார்த்தால் சம்பளம் சம்பந்தமான காகிதம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஒருநாள், ஒரே ஒருநாள், நான் பாலை அடுப்பில் வைத்துவிட்டுச் செய்தித்தாளில் மூழ்கிப் போனேன். பாத்திரம் கருகியது. அன்றிலிருந்து என் மகள், “நீங்க ரெண்டு பேரும் தனியா இருந்தது போதும், வீட்டைக் காலி பண்ணிட்டு எங்ககூட வந்துடுங்க” என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நான் மன்றாடியதில், “சரி, நாங்க ஊர்ல இல்லாத இந்த மூணு வாரம் எங்க வீட்டைப் பாத்துக்கோங்க. ஒண்ணும் ஆகலேன்னா நான் அதுக்கப்புறம் வாயைத் திறக்கமாட்டேன்” என்றாள். உங்கள் வீடு அரண்மனைதான், மாப்பிள்ளை, குறை சொல்லவில்லை. ஆனால் என்னுடைய இரண்டு அறை வீட்டில் நான் சட்டை போடாமல் உட்காரலாம், ரேடியோவைச் சத்தமாக வைக்கலாம், உங்கள் அத்தையோடு சண்டை போட்டால் அதற்குச் சாட்சி கிடையாது. அதை விட்டுவிட வேண்டியிருக்குமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மிகவும் பயமாக இருக்கிறது.

நீங்கள் கிளம்பிய மறுநாள் காலை உங்கள் ஃபிரிட்ஜின் கதவில் இருக்கும் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தேன். பட்டையை அழுத்தினேன், நின்றேன், இன்னும் நின்றேன், கால் மாற்றி நின்றேன். நூல் மாதிரி வருகிறது. முப்பத்திரண்டு வருடம் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து எத்தனையோ பெட்ரோல் பம்புகளைக் கையும் களவுமாகப் பிடித்தவன் நான், என்னிடமே ஒரு ஃபிரிட்ஜ் தண்ணி காட்டினால் மனம் கேட்குமா? அளவு ஜாடியும் கைக்கடிகாரமும் எடுத்து மூன்று முறை சோதித்தேன். இருநூறு மில்லிக்கு ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. உங்கள் அத்தை, “ஏங்க, குறைச்சா குடுக்குது? மெதுவாத்தானே குடுக்குது? அதுக்கு எந்தச் சட்டத்துல கேஸ் போடுவீங்க?” என்று கேட்டாள். நாங்கள் வந்த மறுநாளே பழுது என்றால் யார் தலையில் விடியும் என்பதுதான் என் கவலை. நீங்கள் இருந்தபோது நன்றாகத்தான் வந்திருக்கும், நான்தான் எதையோ தொட்டுக் கெடுத்திருக்கிறேன் என்று நினைத்தேன். எதைத் தொட்டேன் என்று இரண்டு நாள் யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வராததுதான் இன்னும் பயமுறுத்தியது.

ஃபிரிட்ஜோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்தேன். தண்ணீர் மெதுவாக வந்தால் முதலில் ஃபில்டரைப் பார் என்று போட்டிருந்தது. கீழ்ப்பக்கம் இருக்கும் ஃபில்டரை இடதுபக்கம் திருப்ப வேண்டுமாம். எனக்கு இடது, ஃபிரிட்ஜுக்கு வலது என்ற தத்துவ விசாரத்தில் அழுத்தித் திருப்பியதில் பிடி கையோடு வந்துவிட்டது. பிறகு குறடு வைத்துப் பிடுங்கினேன். அதைப் பையில் போட்டுக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனால், கடைக்காரர் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “சார், ஆறு மாசத்துக்கு ஒருதரம் மாத்தணும். இதுக்கு ஆறு வயசு இருக்கும், பள்ளிக்கூடத்துல சேத்துடுங்க” என்றார். இதை நான் குறையாக எழுதவில்லை, மாப்பிள்ளை. தகவலாக எழுதுகிறேன். புது ஃபில்டரை மாட்டியதும் முதல் பத்து லிட்டரைப் பிடித்துக் கொட்ட வேண்டும் என்பது விதி. பத்து லிட்டர் என்றால் ஐம்பது டம்ளர், ஐம்பது டம்ளர் என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். நானும் உங்கள் அத்தையும் முறை வைத்துப் பட்டையை அழுத்தினோம். அவள் ஒரு கட்டத்தில் முதுகைக் கொடுத்து அழுத்தியபடியே வெங்காயம் உரித்தாள். கொட்ட மனம் வராமல் எல்லாப் பாத்திரங்களிலும் பிடித்து வைத்தாள், போதாமல் அடுத்த வீட்டில் இரண்டு குண்டான் இரவல் வாங்கினாள். எல்லாவற்றிலும் கரித்தூள் மிதந்தது. வேகம் மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்து, குளிர் அதிகமானால் கதவுக்குள் ஓடும் குழாய் உறைந்துவிடும் என்று கையேட்டின் பதினேழாம் பக்கம் சொன்னது. ஒருநாள் முழுக்க ஃபிரிட்ஜை அணைத்துக் கதவைத் திறந்து வைத்தேன். உறைந்தது இளகட்டும் என்றுதான் செய்தேன், இளகியது பேத்தியின் ஐஸ்கிரீம். டப்பாவின் மேல் ‘தொடாதே’ என்று அவளே எழுதி ஒட்டியிருந்தாள். உங்கள் அத்தை, “குழந்தை சொத்து வீணாப் போகக்கூடாதுங்க” என்று சொல்லி ஒரு கரண்டி எடுத்தாள். கடைசிக் கரண்டியை யார் சாப்பிட்டது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அவசரத்துக்கு என் மகளின் தலை உலர்த்தும் கருவியால் கதவின் உள்பக்கம் சூடு காட்டினேன். அந்த இடத்தில் பிளாஸ்டிக் சற்று அலை அலையாக இருக்கிறது. முட்டை அட்டையை அதன்மேல் நிறுத்தினால் தெரியாது.

இத்தோடு விட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதையாக இன்று காலை ஃபிரிட்ஜையே வெளியே இழுத்தேன். தனியாக இழுக்கவில்லை. அடுத்த வீட்டு லாரி டிரைவர் வந்து, தான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, “வா, வா, வா, லெஃப்ட்ல ஒடி, இன்னும் ஒடி, ஹோல்டான்!” என்று எனக்கு வழி சொன்னார். அவர் ஹோல்டான் சொன்னபோது நான் ஹோல்டான் ஆகவில்லை. தரையில் ஒரு ஓடு விரிசல் விட்டிருக்கிறது. மிதியடி போட்டிருக்கிறேன். ஆனால் பலன் கிடைத்தது, மாப்பிள்ளை! சுவரில் தரையோரமாக ஒரு வால்வு. அதை எந்த மடையனோ கால்வாசிதான் திறந்து வைத்திருக்கிறான். முழுக்கத் திறந்தேன், ஃபிரிட்ஜை உள்ளே தள்ளினேன், டம்ளரை வைத்தேன். ஒன்பது விநாடி! உங்கள் அத்தை கை தட்டினாள். லாரி டிரைவர் மூன்று டம்ளர் குடித்துவிட்டுப் போனார்.

ஆக, பழுது நான் உண்டாக்கியது இல்லை, அதை நீக்கியது மட்டுமே நான் என்பதை மனதில் கொண்டு, பிடி, ஐஸ்கிரீம், கதவு, தரை ஓடு ஆகிய நான்கையும் தாங்கள் பெரிய மனதோடு பொறுக்க வேண்டும். என் மகளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். நான் சொன்னால், “பாத்தீங்களா, இதுக்குத்தான் சொன்னேன்” என்பாள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை. நீங்கள் மூவரும் நீடூழி வாழ வேண்டும், போன காரியம் ஜெயமாக வேண்டும், பேத்திக்கு எங்கள் முத்தங்களைச் சேர்த்துவிடுங்கள்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமா

பி.கு.: மணி நாலரை. மேலே உள்ளதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத நேரமில்லை, ஆகவே அதை நீங்கள் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் ஃபிரிட்ஜின் அடியிலிருந்து தண்ணீர் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது. உங்கள் அத்தை இரவல் குண்டான்களைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தாள். தரையில் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் குழாய் விரிசல் விட்ட இடத்தில் ஒரு கழுத்து டை, நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது, ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிக் கட்டியிருக்கிறது. துணி வெளுப்பவர் தொலைத்துவிட்டார் என்று என் மகள் அவரோடு ஒரு மாதம் சண்டை போட்டாளே, உங்களுடைய அதே டை. முடிச்சில் பிளாஸ்டிக் உறைக்குள் உங்கள் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: ‘பிளம்பர் கவனத்துக்கு. வால்வைக் கால்வாசிக்கு மேல் திறந்தால் ஒழுகும். இதுபற்றி வீட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். எனக்கு மட்டும் போன் செய்யவும்.’

மடையன் என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பக்கவாட்டுச் சந்தில் கையை நுழைத்து வால்வைப் பழையபடி கால்வாசிக்குத் திருப்பிவிட்டேன், ஒழுகல் நின்றுவிட்டது, கூடத்தைத் துடைத்தாயிற்று. தண்ணீர் மறுபடி நூல் மாதிரி வருகிறது. டையை இன்னும் இரண்டு சுற்று இறுக்கிக் கட்டியிருக்கிறேன், நல்ல துணி. என் மகளுக்கு இது தெரியாது, உங்கள் அத்தைக்கும் தெரியாது. ஊர் திரும்பியதும் அப்பாவைத் தனியாக விடலாமா என்று அவள் உங்களைத்தான் கேட்பாள். நான் எந்த வற்புறுத்தலும் செய்யவில்லை, மாப்பிள்ளை. தாங்கள் நிதானமாக யோசித்து, மனசாட்சிப்படி எது நியாயமோ அதையே சொல்லுங்கள். அந்தத் துண்டுச் சீட்டு என் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது.