இரண்டு வகுப்பறையும் என் ஒரு கையெழுத்தும்

என் மனைவியின் சங்கத்தை ஒழித்துவிடுவது என்று ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் முடிவு செய்தேன். முப்பத்தாறு வருடம் ஆகிறது. முடிவில் தப்பே இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். நிறைவேற்றியதில்தான் கோளாறு.

சங்கம் என்றால் பெற்றோர் சங்கம். எங்கள் மகள் படித்த அரசுப் பள்ளிக்கூடத்துச் சங்கம். செயலாளர் என் மனைவி. அலுவலகம் என் வீடு. என்னை யாரும் கேட்கவில்லை.

ஐந்து மணி அடித்தால் வந்துவிடுவார்கள். வாசலில் செருப்பு மலை. வெளியே போய் வரலாம் என்று காலை விட்டால் யார் செருப்பிலோ போய் வருவேன். தலைவர் ஒரு பஸ் டிரைவர். இருபது வருடம் இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர். அவர் "ஒரு ரகசியம்" என்று ஆரம்பித்தால் எதிர்வீட்டில் ஜன்னலைத் திறப்பார்கள். துணைத் தலைவி ஒரு தையல்காரம்மா. வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி. அதோடேயே பேசுவார். மற்றவர்கள் வேலை முடிந்த கையோடு, டிபன் தூக்கைக்கூட வீட்டில் வைக்காமல் வந்து உட்காருவார்கள்.

சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதம். அன்றைக்கெல்லாம் நகல் என்றால் கார்பன் தாள்தான். நாலு தாளுக்கு நடுவே மூன்று கார்பன் வைத்து, மேஜையே பள்ளமாகிற மாதிரி அழுத்தி எழுதுவாள் என் மனைவி. அவள் விரல் ஊதா. மேஜை விரிப்பு ஊதா. என் சட்டைக் காலரும் எப்படியோ ஊதா. ஆபீஸில் ஒருவர் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். நம்பவில்லை.

கோரிக்கை ஒன்றுதான். இரண்டு வகுப்பறை. பள்ளிக்கூடத்தில் அறை போதாது. நாலாவதும் ஐந்தாவதும் ஒரே அறையில். வருடம் முடிவதற்குள் கட்டட நிதி ஒதுக்காவிட்டால் அடுத்த வருடம் ஆறாம் வகுப்பே கிடையாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். ஐந்தாவது முடித்த பிள்ளைகள் லாரி ஓடும் பெரிய ரோட்டைத் தாண்டி வேறு பள்ளிக்கூடத்துக்கு நடக்க வேண்டும். எங்கள் மகள் அப்போது ஐந்தாவது.

"நானெல்லாம் நாலு மைல் நடந்துதான் படிச்சேன்," என்றேன்.

"அந்த ரோட்டுல லாரி ஓடிச்சா?"

"மாட்டு வண்டி ஓடிச்சு."

"அந்த வண்டியாவது உங்களைக் கொஞ்சம் இடிச்சிருக்கலாம். நான் தப்பிச்சிருப்பேன்."

தையல்காரம்மா சிரித்து ஒரு குண்டூசியை விழுங்கப் பார்த்தார். அந்த நிமிடத்தில்தான் முடிவு செய்தேன். சங்கம் இருக்கக் கூடாது.

அதற்கு எனக்கு வசதி இருந்தது. நான் வேலை பார்த்தது கல்வி அலுவலகத்தில். கட்டடப் பிரிவுத் தலைவர். எந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுவர் வேண்டுமானாலும் மனு என் மேஜைக்குத்தான் வர வேண்டும். வந்தால் போகாது. அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். ஒரு தடவைக்கு ஒரு குறைதான் எழுதுவேன். ஐந்து குறை கண்ணில் பட்டாலும் ஒன்றுதான். திருத்திக்கொண்டு வருவார்கள். அடுத்ததை எழுதுவேன். மூன்றாவது தடவை திரும்பின பிறகு உயிரோடு இருந்த சங்கத்தை நான் பார்த்ததில்லை. இதற்குப் பெயர் தொழில் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வயசு அப்படி.

"எங்க மனு உங்க மேஜைக்குத்தானே வரும்?" என்று கேட்டாள்.

"வரும். ஆனா வீடு வேற, ஆபீஸ் வேற. சலுகை எல்லாம் கிடையாது."

"நான் கேட்டேனா?"

கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மனு வந்தது. நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. சிவப்புப் பென்சிலை எடுத்தேன். "விலாசங்கள் இல்லை" என்று எழுதித் திருப்பினேன். அன்றைக்கு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னிக்கு ஒரு மனு வந்துச்சு."

"அப்படியா? யாரு போட்டது?" முகத்தில் ஒன்றுமே இல்லை.

"யாரோ. திருப்பிட்டேன். கையெழுத்துக்குக் கீழ விலாசம் இல்ல."

"அடடா. விலாசம் இருந்திருந்தா போயிருக்குமா?"

"எங்கிட்டயா?" சிரித்தேன். "வரைபடம் எங்கன்னு கேப்பேன்."

"வரைபடம் வச்சிருந்தா?"

"இடம் பள்ளிக்கூடத்துதான்னு சான்று எங்க?"

"அதையும் வச்சிருந்தா?"

"வகுப்பு வாரியாப் பிள்ளைங்க கணக்கு. தலைமையாசிரியை ஒப்பத்தோட."

"அதுவும் இருந்தா?"

"ஒரு தாள் குறையுதுன்னு எழுதுவேன்."

"எந்தத் தாளுங்க?"

"ஏதோ ஒண்ணு. எனக்கென்ன தெரியும்?"

அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "இந்த மூளைக்கு நீங்க மந்திரியா இருக்க வேண்டியவருங்க."

கேட்காமலே இன்னொரு தடவை பரிமாறினாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிக் கவனித்ததில்லை. சந்தேகம் வந்திருக்க வேண்டும். பசிதான் வந்தது.

எட்டாம் நாள் மனு திரும்பி வந்தது. விலாசம் இருந்தது. வரைபடம் இருந்தது. இடச் சான்று, பிள்ளைகள் கணக்கு, ஒப்பம், முத்திரை, எல்லாம் நான் சொன்ன அதே வரிசையில். ஒவ்வொரு தாளுக்கும் எண். போதாததற்கு, இடது ஓரம் முழுக்கத் தையல் மிஷினில் இரட்டைத் தையல் போட்டிருந்தது. சிவப்பு நூல். ஒரு தாளை உருவிப் பார்த்தேன். வரவில்லை. பல்லை வைத்துக் கடிக்கலாமா என்று யோசித்தேன். பியூன் பார்த்துக்கொண்டிருந்தான்.

இருபது வருட சர்வீஸில் குறை இல்லாத மனு அதுதான். அரை நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் ஆத்திரம். இன்னொரு பக்கம், சொன்னால் வெட்கம், இவ்வளவு லட்சணமாக எழுத என் பிரிவில் ஓர் ஆள் இல்லையே என்று ஏக்கம்.

கடைசி அஸ்திரம் ஒன்று பாக்கி இருந்தது. "அதிகாரி நேரில் ஆய்வு செய்த பின் பரிசீலிக்கப்படும்." ஆய்வு செய்ய வேண்டிய அதிகாரி நான். எப்போது போவது என்பது என் இஷ்டம். அந்த வரியை எழுதிய எந்த மனுவுக்காகவும் நான் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை.

"ஆய்வுக்கு யாரு வருவாங்க?" என்றாள் அன்றைக்குச் சாப்பிடும்போது.

"நான்தான்."

"எப்போ?"

"வேலை கிடக்கு. வருஷம் முடியட்டும்."

"அப்போ ஆறாவது?"

நான் சோற்றைப் பிசைந்தேன். அன்றைக்கு அவள் இரண்டாம் தடவை பரிமாறவில்லை. மகள் என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆனாலும் நான் ஜெயித்துவிட்டேன். அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த வாரம் மகள் ஒரு சீட்டுக் கொண்டுவந்தாள். தலைமையாசிரியை எழுதியது. மகளின் மதிப்பெண் பற்றித் தகப்பனாரிடம் பேச வேண்டும், செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வரவும்.

"நீ போயேன்," என்றேன்.

"தகப்பனார்னு போட்டிருக்கு. எனக்கு மீசை இல்லையே," என்றாள்.

போனேன். தகப்பனாக.

வாசலிலேயே பஸ் டிரைவர். "சார் வந்துட்டாரு!" என்றார். பள்ளிக்கூடம் முழுக்க எழுந்து நின்றது. வராந்தாவில் ஒரு மேஜை. அதன் மேல் ஒரு பெரிய நோட்டு. பக்கத்தில் என் மனைவி, யாரோ மாதிரி.

"வணக்கம் சார். வந்தவங்க இதுல ஒரு கையெழுத்துப் போடணும்."

"என்னையா சார்ங்கறே?"

"இங்க நான் செயலாளர் சார். வீடு வேற, பள்ளிக்கூடம் வேற."

கையெழுத்துப் போட்டேன். எங்கே கையெழுத்துப் போட்டாலும் கீழே பதவியையும் எழுதுவது என் வழக்கம். பால்காரன் அட்டையில்கூட அப்படித்தான். பேரை எழுதினேன். கட்டடப் பிரிவுத் தலைவர் என்று எழுதினேன். தேதி, நேரம் போட்டேன். பேனாவை மூடும்போதுதான் நோட்டின் தலைப்பைப் பார்த்தேன்.

அதிகாரிகள் வருகைப் பதிவேடு.

அதிகாரி பதவியோடு கையெழுத்துப் போட்டால் அது ஆய்வு. ஆய்வு நடந்தால் மூன்று நாளில் அறிக்கை கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் விளக்கம் கேட்பார்கள். அந்த விதியை எழுதிய நாலு பேரில் நானும் ஒருவன்.

"இது மோசடி," என்றேன் மெதுவாக. "இந்த விதி உனக்கு எப்படித் தெரியும்?"

"போன வருஷம் யாரோ ஒரு அதிகாரி இதுல மாட்டிக்கிட்டாருன்னு நீங்கதான் விழுந்து விழுந்து சிரிச்சீங்க."

"நான் பதவி போடாம விட்டிருந்தா?"

"நம்ம கல்யாண ரிஜிஸ்டர்லயே இளநிலை உதவியாளர்னு போட்டவர் நீங்க. வாங்க சார், வகுப்பைப் பாருங்க."

நல்ல வேளையாகவோ கெட்ட வேளையாகவோ வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரே அறை. நாலாவது கிழக்குச் சுவரைப் பார்த்து. ஐந்தாவது மேற்குச் சுவரைப் பார்த்து. முதுகோடு முதுகு. உட்கார வேறு இடம் இல்லை. ஐந்தாம் வகுப்பில், மகள் பெஞ்சின் ஓரத்தில் என்னை உட்கார வைத்தார்கள். முழங்கால் தாடைக்கு வந்தது.

டீச்சர் மகளை எழுப்பினார். "அந்த ராஜா எத்தனை வருஷம் ஆண்டார்?"

முதுகுக்குப் பின்னால் நாலாவது முழுக்க ஒரே குரலில் கத்தியது. "முக்கால் லிட்டர்!"

"முக்கால் லிட்டர்," என்றாள் என் மகள்.

யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்குப் பழகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. வந்து பாதியில் நின்றது. மார்க் குறைகிறது, கவனம் இல்லை என்று மூன்று மாதமாக அவளைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

மழை பிடித்தது. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளே எழுந்தார்கள். நானும் எழுந்தேன். பெஞ்சை இரண்டடி இடது பக்கம் நகர்த்தினார்கள். உட்கார்ந்தார்கள். பாடம் நிற்கவில்லை. கூரையிலிருந்து விழுந்த தண்ணீர் பெஞ்சு இருந்த இடத்தில் சரியாக விழுந்தது. அங்கே இப்போது நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

"தள்ளி வாங்கப்பா," என்றாள் மகள். "அங்க ஒழுகும்னு எல்லாருக்கும் தெரியுமே."

எனக்குத் தெரியாது. கட்டடப் பிரிவுத் தலைவருக்குத் தெரியாது.

அறிக்கையை அன்றைக்கே எழுதினேன். நான் ஒன்றும் உருகிவிடவில்லை. விதி மூன்று நாள் என்றது, நான் ஒரு நாளில் முடித்தேன், அவ்வளவுதான். "இரண்டு அறைகள் தேவை" என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். "மிக அவசரத் தேவை" என்று திருத்தினேன். "மிக" என்ற சொல்லை என் கோப்புகளில் அதற்கு முன்னால் யாரும் பார்த்திருக்க முடியாது. மேலதிகாரி கூப்பிட்டு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

நிதி வந்தது. அறை எழுந்தது. எங்கள் மகள் அந்தப் புது அறையில் ஆறாவது படித்தாள். ராஜாக்கள் வருடக் கணக்கில் ஆண்டார்கள். லிட்டர் பக்கத்து அறைக்குப் போய்விட்டது.

சங்கமும் புது அறைக்குக் குடி போனது. நான் கேட்ட அமைதி எனக்குக் கிடைத்தது. ஐந்து மணிக்கு மேஜை காலி. வாசலில் என்னதும் மகளதுமாக இரண்டே ஜோடிச் செருப்பு. முதல் நாள் சொர்க்கம். இரண்டாம் நாள் கடிகாரச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் கடிகாரம் சத்தம் போடும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மூன்றாம் நாள் ஐந்தே காலுக்கு ஜன்னலைத் திறந்து, பஸ் டிரைவர் எங்காவது ரகசியம் பேசுகிறாரா என்று காது கொடுத்துக் கேட்டேன். இதை அவளிடம் இதுவரை சொல்லவில்லை. இப்போது இதைப் படிப்பாள். படிக்கட்டும். இன்றைக்கு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். டிரைவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கையெழுத்தெல்லாம் போனிலேயே வாங்கிவிடுகிறார்கள். யார் விரலிலும் ஊதா இல்லை.

அந்த நாலாம் நாள் காலையில் கதவு தட்டினார்கள். ஓடித்தான் போனேன். வாசல் நிறைய ஆட்கள். ஒரு முகமும் தெரியவில்லை.

"செயலாளர் உள்ள இருக்காங்க," என்றேன்.

"அவங்க இல்ல சார். உங்களைத்தான் பார்க்கணும்," என்றார் முன்னால் நின்றவர். "உங்க அறிக்கையோட நகல் அம்மா குடுத்தாங்க. எங்க பள்ளிக்கூடத்துலயும் இதே கதைதான் சார். நீங்க ஒரு தடவை வந்து நனைஞ்சாப் போதும்."

பின்னால் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன். அவள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"இதெல்லாம் எத்தனை பள்ளிக்கூடம்?" என்றேன்.

"இன்னிக்கு வந்தது ஏழு," என்றாள்.