தலைவர் அழைத்தார், அப்பாவின் மீசை போனது

ஒன்றுமே தெரியாதவரால் ஊருக்குப் பெரிய கெடுதல் இல்லை. பாதி தெரிந்தவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பத்தொன்பது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அயனம்பாக்கம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த சலூன் வாசலில் நின்று நானே நிரூபித்துக் காட்டினேன்.

அப்போது நான் கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் வருடம். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மா கைநாட்டு. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டுபவர். தன் பெயரை மட்டும் வரைவார். ஆகவே கரண்ட் பில் முதல் கல்யாணப் பத்திரிகை வரை வீட்டுக்கு வரும் எல்லாத் தாளும் என்னிடம்தான் வரும். நானும் இல்லாத மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமி, பில்லைக்கூடச் செய்தி அறிக்கை மாதிரி வாசிப்பேன். (அக்கம்பக்கத்தார் இதற்காகவே பில்லோடு வந்தது உண்டு.)

அப்பாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருடைய மீசை. கம்பெனியில் அவர் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘மீசைக்காரர்’ என்றால்தான் தெரியும். பதினெட்டு வயதில் வைத்தது. முப்பது வருட நண்பரான சலூன் ஏழுமலை மாமாவுக்குக்கூட அதில் கை வைக்க அனுமதி இல்லை. தாடியை மட்டும் அவரிடம் கொடுப்பார். மீசையை வீட்டில் ஜன்னல் கம்பியில் கண்ணாடியைச் சொருகி, தானே குட்டிக் கத்தரிக்கோலால் திருத்துவார். அந்த நேரத்தில் நாங்கள் தும்மக்கூட மாட்டோம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எய்ட்ஸ் என்ற சொல்லைச் சுவரில் எழுதியிருந்தால்கூட ஜனங்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்த காலம். உலகமெங்கும் சாவு, மருந்து என்று நம் கைக்கு எட்டியது எதுவும் இல்லை. யாராவது நாலு கிலோ இளைத்தால் தெருவே கிசுகிசுக்கும். அப்படிப்பட்ட நாளில் ஒரு சாயங்காலம் நாட்டின் தலைவரே டிவியில் வந்தார். தாத்தா வயது மனிதர். நாமெல்லாம் புருஷன் பெண்டாட்டிக்குள் சொல்லவே கூசிய அந்தப் பெயரை, நாடே பார்க்க, நிதானமாகச் சொன்னார். எனக்குப் புல்லரித்தது. அந்த மதிப்பு இன்றும் குறையவில்லை.

ஒரே சிக்கல், அவர் இந்தியில் பேசினார்.

“இன்னாமா சொல்றாரு?” என்றார் அப்பா.

எனக்கு இந்தியில் பத்து வரை எண்ணத் தெரியும். அவர் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் குடும்பத்தின் முதல் படிப்பாளி ‘தெரியாது’ என்று சொல்வதா? ‘எய்ட்ஸ்’ என்ற ஒரு சொல் காதில் விழுந்தது. மிச்சத்தை நானே போட்டுக்கொண்டேன்.

“இந்த நோயி நாட்டையே அழிக்கப் போவுதாம்பா. படிச்சவங்க எல்லாம் தெருவுல எறங்கணுமாம். யாரு தப்பு செஞ்சாலும் நேரா போயி தட்டிக் கேக்கணுமாம். முக்கியமா பொண்ணுங்க.”

“பொண்ணுங்கன்னா சொன்னாரு?” என்றாள் அம்மா.

“அழுத்திச் சொன்னாரும்மா.”

அப்பா டிவியைப் பார்த்துக் கும்பிட்டார். “பெரிய மனுஷன். நம்ம ஊட்டப் பாத்தே சொல்றாப்ல கீது” என்றார்.

பொய் சொன்னவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் காலை எழுந்தபோது, தலைவர் அப்படித்தான் சொன்னார் என்று நானே நம்பிவிட்டிருந்தேன். ஒரு நாடே அழைக்கும்போது கலா என்கிற நான் சும்மா இருப்பதா? எங்கே தப்பு நடக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். கல்லூரியில் கொடுத்த துண்டுத்தாளில், சவரத்துக்கு ஒவ்வொருவருக்கும் புது பிளேடு என்று போட்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்று எதிரே பார்த்தேன். ஏழுமலை மாமா ஒருவருக்குச் சவரம் செய்து முடித்தார். கத்தியைக் கழுவினார். அடுத்தவரை உட்காரவைத்து, அதே கத்தியை அவர் கன்னத்தில் வைத்தார்.

மூன்று நாள் பார்த்தேன். அதே கத்தி. ஆராய்ச்சி முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. சலூனில் அது சட்டசபை கூடும் நேரம். பெஞ்சில் ஆறு பேர், வாசற்படியில் இரண்டு பேர், ரேடியோவில் பாட்டு. சுழல் நாற்காலியில் டைலர் தங்கராஜ் சாய்ந்திருந்தார். மத்தியானம் காட்டுப்பாக்கத்தில் அவருக்குப் பெண் பார்க்கும் நிகழ்ச்சி. இடது கன்னம் வழவழவென்று முடிந்திருந்தது. வலது கன்னம் முழுக்க நுரை.

எங்கள் ஊரில் வயசுப் பெண்கள் சலூனைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டுதான் போவார்கள். நான் நேராகப் படியேறினேன். பாட்டு மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

“இன்னா பாப்பா, அப்பா அனுப்பிச்சாரா?” என்றார் ஏழுமலை மாமா.

“நாட்டின் தலைவர் அனுப்பியிருக்கிறார்” என்றேன். (இதை எழுதும்போதுகூடக் கூச்சத்தில் கால் கட்டைவிரலை மடக்கிக்கொள்கிறேன்.)

மூன்று பக்கம் மனப்பாடம் செய்திருந்தேன். கிருமியின் வெளியுறை, உள்ளுறை, அதன் நொதி, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாக ஏழுமலை மாமாவின் கையைச் சுட்டிக் காட்டி, “இந்த ஒரே கத்தி எத்தனை கன்னம் பார்த்திருக்கும்? இதில் எய்ட்ஸ் கிருமி இருக்கலாம்” என்று முடித்தேன்.

‘இருக்கலாம்’ என்றுதான் சொன்னேன். அந்தச் சொல் ஒருவர் காதிலும் விழவில்லை.

முதலில் வாசற்படியில் இருந்தவர்களைக் காணோம். பிறகு பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஒவ்வொருவராக வேலை ஞாபகம் வந்தது. கடைசியாகத் தங்கராஜ், துண்டைக் கழற்றாமலே எழுந்தார்.

“மாமே, நான் பொறவு வரேன்.”

“டேய், ஒரு பக்கம் பாக்கி கீதுடா.”

“பரவால்ல. ஒரு பக்கமே போதும்” என்று நுரையோடு சைக்கிளில் ஏறிப் போனார்.

ஏழுமலை மாமா என்னைப் பார்த்து, “பாப்பா, இந்தக் கத்தி வந்து...” என்று ஆரம்பித்தார்.

நான் கையை உயர்த்தினேன். “விளக்கம் வேண்டாம் மாமா. மாற்றம் வேண்டும்.”

தேர்தலில் ஜெயித்தவள் மாதிரி வீட்டுக்கு நடந்தேன். சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஏழுமலை இன்னா சொன்னான்?” என்றார்.

“பேசவே இல்லப்பா. வாயடைச்சுப் போச்சு.”

அப்பா மீசையை ஒரு முறை நீவினார்.

திங்கட்கிழமை பஸ்ஸில், “ஏழுமலை கடையில எய்ட்ஸு கீதாம்” என்று ஒரு அம்மாள் சொன்னார். செவ்வாய்க்கிழமை அது “ஏழுமலைக்கே கீதாம்” என்று ஆகியிருந்தது. புதன்கிழமை நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் தன் சுழல் நாற்காலியில் தானே உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோ பாடவில்லை. நான் முதன்முறையாக எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெரிய பிஸ்கட் டின். அப்பா பாய் போட்டார். அம்மா காபி கொண்டுவந்தாள். நான் கதவுக்குப் பின்னால் போகப் பார்த்தேன். அம்மா தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

ஏழுமலை மாமா டின்னைத் திறந்தார். உள்ளே அடியில் ஒரு அடுக்கு, பாதி பாதியாக உடைத்த பிளேடுகள்.

“இதான் பாப்பா அன்னிக்குச் சொல்ல வந்தேன். நீ பாத்தது கத்தி இல்ல, பிடி. பிடிதான் ஒண்ணு. ஒரு பிளேட ரெண்டா ஒடச்சி, ஆளுக்குப் பாதி சொருவறது. ஆள் எழுந்ததும் கழட்டி இதுல போட்டுருவேன். உனக்கு எப்பிடித் தெரியும்? நீ இன்னா சவரத்துக்கா வந்தே?”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆறுதலாகச் சொன்னார். கிருமியின் வெளியுறை உள்ளுறை எல்லாம் படம் வரையத் தெரிந்த எனக்கு, அப்பாவின் தாடியை எது எடுக்கிறது என்று தெரிந்திருக்கவில்லை.

“முன்னல்லாம் பாதி பிளேடுல ரெண்டு மூணு பேருக்குச் செய்வேன். பொய் சொல்லக் கூடாது” என்று அவரே தொடர்ந்தார். “அந்தத் தலைவர் பேசினாரு பாரு, அன்னிலருந்துதான் இப்பிடி. அவங்கவங்க கைக்கு எட்டினத அவங்கவங்க செய்யணும், நோய் வந்தவங்கள ஒதுக்கக் கூடாதுன்னு சொன்னாராமே. என் கைக்கு எட்டறது இதானே. பழச வெளிய எறிஞ்சா குப்ப பொறுக்கறவங்க கையக் கிழிச்சிரும்னு டின்னுல வெச்சிக்கினு கீறேன்.”

“உனக்கு எப்பிடி இந்தி புரிஞ்சிது?” என்றார் அப்பா.

“எனக்கு எங்க புரியும் அண்ணாத்தே? ரேடியோ நியூஸ்ல தமிழ்ல சொன்னாங்க.”

அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். “பொண்ணுங்க தெருவுல எறங்கணும்னு சொன்னாங்களா அண்ணே?”

“அப்பிடி ஒண்ணும் சொல்லலியே.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இந்தி தெரியாது என்ற உண்மை அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் வெளியானது.

ஏழுமலை மாமா டின்னை மூடினார். “திட்ட வரல அண்ணாத்தே. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். இந்த ஞாயித்துக்கெழம பாப்பேன். ஆள் வரலன்னா கடைய மூடிட்டு, செங்குன்றத்துல மச்சான் கடையில நின்னுக்கறேன். பெரிய பொண்ணு பத்தாவது. படிக்கலன்னா, ‘மீசைக்காரர் ஊட்டுக் கலாவப் பாரு’ன்னுதான் சொல்லுவேன்...” என்றவர், அந்த வாக்கியத்தை முடிக்காமல் காபியை எடுத்துக்கொண்டார்.

“மாமா, நான் எல்லார்கிட்டயும் போய் மறுபடியும் பேசறேன்” என்றேன்.

“வேணாம்” என்று மூன்று பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, “வா” என்றார். சலூனில் ஈ இல்லை. பக்கத்து டீக்கடை பெஞ்சில் சட்டசபை முழுதும் ஒரு வாரத் தாடியோடு கூடியிருந்தது. தங்கராஜும் இருந்தார், தானே சவரம் செய்து கிழித்துக்கொண்ட வலது கன்னத்தில் பிளாஸ்திரியோடு. அப்பா அவர்கள் முன்னாலேயே நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்து, அதை ரோட்டுப் பக்கம் திருப்பச் சொன்னார்.

“ஏழுமலை, எட்துடு.”

“தாடிதானே?”

“மீசையும்.”

டீக்கடையில் யாரோ டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“அண்ணாத்தே, வெளாடாதே.”

“தாடிய எடுத்தா எவன் எழுந்து வந்து பாப்பான்? எடுப்பா” என்ற அப்பா, என் பக்கம் திரும்பினார். “பிளேடு நீ பிரிச்சிக் குடு. எல்லாரும் பாக்கட்டும்.”

ஏழுமலை மாமா ஒரு புது பிளேடை உறையோடு கொடுத்தார். உறைக்குள் வைத்தபடியே மடக்கி உடைக்க வேண்டும். அது தெரியாமல் நான் உறையைப் பிரித்து, பிளேடை வெறும் கையில் பிடித்து வளைத்தேன். உடைந்தது. என் விரலும் கிழிந்தது. ரத்தம் கோடாக ஓடியது.

டீக்கடை சட்டசபை எழுந்து வாசலுக்கு வந்துவிட்டது.

ஏழுமலை மாமா பதறவில்லை. இரண்டு துண்டுகளையும் பேப்பரால் எடுத்து டின்னில் போட்டார். என் விரலில் தண்ணீர் ஊற்றி, சுத்தமான துணியைச் சுற்றினார். தன் கையைச் சோப்பால் கழுவினார். பிறகு வேறொரு பிளேடை எடுத்து, உறைக்குள்ளேயே டக்கென்று உடைத்து, பாதியைப் பிடியில் சொருகினார். யாருக்கும் எதுவும் நிரூபிப்பதற்காக அவர் செய்யவில்லை. அவர் தினமும் செய்வது அதுதான்.

“மீசைக்காரர் சொந்தப் பொண்ணு ரத்தம் பட்டதையே ஏழுமலை தூக்கிப் போட்டுட்டான்பா” என்றார் வாசலில் ஒருவர்.

“மூணு பக்கம் பேசிச்சே, ஒரு பிளேடு ஒடைக்கத் தெரியலியே” என்றார் தங்கராஜ். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எனக்கு வேறு வழி இல்லை. அந்தச் சிரிப்பில்தான் பயம் இறங்கியது என்று நினைக்கிறேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். முப்பது வருட மீசை நான்கே இழுப்பில் போனது. கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, “எங்கப்பன் மாதிரி கீறேன்” என்றார். அவர் எழுவதற்குள் தங்கராஜ் நாற்காலிப் பிடியைப் பிடித்துவிட்டார். “எனக்கு ஒரு பக்கம் பாக்கி கீது மாமே.”

அன்று மத்தியானம் வரை ஏழுமலை மாமாவுக்கு டீ குடிக்க நேரமில்லை. ரேடியோ மறுபடி பாடியது.

வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா, “யாருங்க வேணும்?” என்றாள். கேலி என்று நினைத்தேன், நிஜமாகவே கேட்டாளாம். மறுநாள் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் அடையாள அட்டையையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, “அவரோட தம்பியா?” என்றாராம்.

தலைவர் அன்று கேட்டுக்கொண்டதைச் சரியாகச் செய்த இரண்டு பேர் எனக்குத் தெரியும். இருவருக்கும் இந்தி தெரியாது. ஒருவருக்குத் தமிழே படிக்கத் தெரியாது. நான் இப்போது உயிரியல் ஆசிரியை. அந்தப் பாடம் வரும்போது கிருமியின் படத்துக்கு முன்னால் போர்டில் ஒரு சவரப் பிடியை வரைகிறேன். ஏழுமலை மாமாவின் பெரிய பெண் நர்ஸ் ஆகிவிட்டாள். அவள் என்னைப் பார்த்துப் படித்தாளா, என்னைப் பார்த்து உஷாராகிப் படித்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

மீசை திரும்ப வளர்ந்தது. ஆனால் வெள்ளையாக வளர்ந்தது. இன்றைக்கும் டிவியில் எந்தத் தலைவராவது நாட்டு மக்களுக்குப் பேச வந்தால், அப்பா முதல் வேலையாக மீசையை உள்ளங்கையால் மூடிக்கொள்வார்.

“தமிழ்ல நியூஸ் வர்ற வரைக்கும் கைய எடுக்க மாட்டேன்” என்பார், என்னைப் பார்க்காமல்.