விடைக்கு இரண்டு மதிப்பெண்

கழித்தல் கணக்கு என்றால் விடை கண்டுபிடிப்பது என்று மனிதகுலம் இத்தனை காலமும் அறியாமையில் கிடந்தது. அந்த இருளை விலக்கிய பெருமை ஒரு பள்ளிக்கூடத்தின் ஒன்றாம் வகுப்புக்கு உரியது. அதை அருகிலிருந்து காணும் 'பேறு' புது டீச்சருக்கு வாய்த்தது. பேறு என்பது தலைமையாசிரியரான பெரிய சாரின் சொல். புது டீச்சர் வைத்திருந்த சொல் வேறு, அச்சில் ஏறாது.

'ஏழுபடி முறை'யைக் கொண்டுவந்தவர் ஒரு பயிற்றுநர். கழுத்தில் அட்டை, கையில் மடிக்கணினி, முகத்தில் எந்நேரமும் கருணை. "கூடையில் பதிமூன்று பந்துகள் இருந்தன. ஐந்து உருண்டு ஓடின. மீதி எத்தனை?" என்று கேட்டால், பிள்ளை முதலில் நெஞ்சில் கைவைத்து வாசிக்க வேண்டும். அடுத்து, 'மீதி'க்கு அடிக்கோடு. எண்களுக்கு வட்டம். பிறகு படம். ஐந்தாம் படி, பந்து ஓடியதில் தனக்கு என்ன உணர்வு என்று பக்கத்துப் பிள்ளையிடம் பகிர்தல். ஆறு, அந்த உணர்வுக்கு வண்ணம் தீட்டுதல். ஏழாவதுதான் விடை. மற்ற படிகளுக்குத் தலா மூன்று மதிப்பெண், விடைக்கு இரண்டு.

"ஏன் சார், விடைக்கு மட்டும் கம்மி?"

"விடையை யார் வேணாலும் சொல்லிடலாம் டீச்சர். படிதான் கஷ்டம்."

ஆறாம் படியில் மணி அடித்துவிடும். ஆகவே ஏழாம் படியைத் தொட்ட பிள்ளை கிடையாது. வகுப்பே இருபதுக்குப் பதினெட்டு வாங்கி ஜொலித்தது, பொத்தானைத் தவிர.

பொத்தான், துணி தேய்க்கும் கடைக்காரியின் மகள். பொத்தான் அறுந்த சட்டைகளைத் தனியே பிரித்து வைப்பது கடையில் அவள் வேலை. பட்டப்பெயரும் அதில் வந்ததுதான். கணக்கைப் படித்த மூச்சிலேயே 'எட்டு' என்று எழுதிவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். மற்றவர்கள் இன்னும் பந்துக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எப்படிக் கண்ணு கண்டுபிடிச்சே?"

"பதிமூணு சட்டை வந்துச்சு. அஞ்சைக் கொடுத்தாச்சு. எட்டு ஆணியில தொங்குது. இதுல என்ன டீச்சர் இருக்கு?"

இருபதுக்கு இரண்டு. அடுத்த தேர்விலும் இரண்டு. அதற்கடுத்ததிலும் இரண்டு. 'முன்னேற்றக் குழு' அவசரமாகக் கூடியது. பொத்தானைக் கீழே 'ஆயத்தப் பிரிவு'க்கு அனுப்புவதாக, அதாவது மூக்கொழுகும் வாண்டுகளோடு ஒரு வருஷம் மறுபடி உட்காரவைப்பதாக, மனிதாபிமானத்தோடு முடிவெடுத்தது. அம்மாவை வரவழைத்தார்கள்.

"சார், இருபத்தாறு பேர்ல இவ ஒருத்திக்குத்தான் கழிக்கத் தெரியும்" என்றாள் புது டீச்சர். குரல் உயர்ந்துவிட்டது.

"கழிக்கத் தெரியுது டீச்சர், உணரத் தெரியலையே" என்று பயிற்றுநர் கண் கலங்கினார்.

பொத்தானின் அம்மா பெரிய சார் பக்கம் திரும்பினாள். "சார், உங்க சட்டை பன்னெண்டு எங்கிட்ட கிடக்கு. அஞ்சு தேய்ச்சாச்சு. மீதி எத்தனை?"

"ஏழு" என்று பெரிய சார் வாயை விட்டுவிட்டார்.

"கோடு போட்டீங்களா? படம் வரைஞ்சீங்களா? அப்ப உங்களுக்கும் கீழேதான சார் இடம் போடணும்?"

புது டீச்சருக்குச் சிரிப்பை அடக்க இருமல் தேவைப்பட்டது. பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நடைமுறை வேறம்மா, நெறிமுறை வேற. இங்க கையெழுத்துப் போடுங்க."

பொத்தான் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள். நின்று வகுப்பை ஒருமுறை பார்த்தாள். "இனிமே இருபத்தஞ்சு பேரு, டீச்சர்" என்றாள். யாரும் அவளிடம் கணக்குக் கேட்கவில்லை, கழித்துப் பழகிய தோஷம்.

மறுவாரம் 'முன்மாதிரி வகுப்பு' விருதுக்கான மதிப்பீடு. கேள்வி புது டீச்சர் பொறுப்பு. கரும்பலகையில் நிறுத்தி நிதானமாக எழுதினாள்:

"இந்த வகுப்பில் கழிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று இருந்தது. அந்த ஒன்றையும் பெரிய சார் எடுத்துவிட்டார். மீதி எத்தனை?"

பிள்ளைகள் நெஞ்சில் கைவைத்து வாசித்தார்கள். 'மீதி'க்கு அடிக்கோடு விழுந்தது. எண்கள் இரண்டுக்கும் வட்டம். நான்காம் படியில் இருபத்தைந்து பெரிய சார்கள் மீசையோடு எழுந்தருளினார்கள். ஐந்தாம் படியில் ஒரு பையன் நிஜமாகவே அழுதான். ஆறாம் படியில் எல்லா நோட்டும் கறுத்துப்போனது. மணி அடித்தது.

"என்ன உயிரோட்டம்!" பயிற்றுநர் பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. கேள்வியைப் படிப்பது அவருடைய படிகளில் வராது. இருபத்தைந்து பேருக்கும் பதினெட்டு போட்டு, விருதுக்குப் பரிந்துரை எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

பெரிய சார் பூரிப்போடு நோட்டுகளைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் தன் முகம். அடியில் விடைக்கட்டம் காலி.

"என்ன டீச்சர், விடையை ஒருத்தர்கூட எழுதலையே?"

"கணக்கைப் படிங்க சார்" என்று புது டீச்சர் பலகையைக் காட்டினாள். "இன்னைக்குத்தான் மொத்த வகுப்பும் சரியா எழுதியிருக்கு."