அரம் தின்ற எஞ்சின் நம்பர்

எனக்குக் கோபமே வராது என்று தூத்துக்குடியில் பலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்களில் ஒருவர்கூட அன்றைக்கு மோட்டார் ஆபீஸ் வாசலில் இல்லை. இருந்திருந்தால் என்னைப் பற்றிய அபிப்பிராயம் மட்டுமல்ல, மாடுகளைப் பற்றிய அபிப்பிராயமும் மாறியிருக்கும்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் நான் குமாஸ்தா. சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் கார் இருந்தது. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போன பழைய கார். (விற்றார் என்பது மரியாதைக்குச் சொல்வது. என் தலையில் கட்டினார்.) வாங்கிய மூன்றாம் மாதம் எஞ்சின் செத்தது. ஓடாத வண்டிக்கு வரி எதற்கு என்று மோட்டார் ஆபீஸுக்கு மனு எழுதினேன். 'இந்த வாகனம் ஓரடிகூட நகரும் நிலையில் இல்லை' என்பதை அடிக்கோடிட்டு, கீழே அழகாகக் கையெழுத்தும் போட்டேன். அப்படியொரு புத்திசாலி நான்.

அந்தச் சமயத்தில்தான் உடன்குடியில் பெண் நிச்சயமானது. மாமனார் கருப்பட்டி வியாபாரி. மூத்த மருமகன் இவர் மகளை வில்வண்டியில் அழைத்துப் போனதில் அவருக்குப் பெரிய குறை. நான் சும்மா இருந்திருக்கலாம். "உங்க மகள என் கார்லதான் கூட்டிட்டுப் போவேன், மாமா" என்று சபையில் வைத்துச் சொல்லிவிட்டேன். அவர் அதை உடன்குடி பூராவும் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. (காரில் அப்போது கோழி அடைந்துகொண்டிருந்தது.)

சூசை அண்ணனிடம் ஓடினேன். துறைமுகத்தில் சரக்குத் தோணிகளை இழுக்கும் லாஞ்சுகளுக்கு அவர்தான் மெக்கானிக். தருவைகுளத்துக்குப் பக்கத்தில் தரை தட்டி உடைந்த ஒரு லாஞ்சில் என் கார் கம்பெனியின் எஞ்சினே இருந்தது. அதைக் கழற்றி வந்து, பத்தே நாளில் காரில் பூட்டிவிட்டார். கைப்பிடியைப் போட்டுச் சுற்றிய முதல் சுற்றிலேயே கிளம்பியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி எஞ்சின் மாற்றியதைப் பதிவு செய்து, வரியையும் கட்டிவிட்டால் முடிந்தது. லாஞ்சுக்காரர் கொடுத்த விற்பனைச் சீட்டில் எஞ்சின் நம்பர் எழுதியிருந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, சூசை அண்ணனைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, ஜில்லாத் தலைநகரில் இருந்த மோட்டார் ஆபீஸுக்கு ஓட்டிப் போனேன்.

அங்கிருந்த குமாஸ்தா (அவரும் குமாஸ்தா, நானும் குமாஸ்தா; ஓர் இனப்பாசம் வேண்டாமா?) என் பழைய மனுவை எடுத்து என் முன்னாலேயே வைத்தார். நகராத கார் எப்படி வந்தது என்று கேட்டார். வேறு எஞ்சின் என்றேன். அது பதிவாகவில்லையே என்றார். பதியத்தான் வந்திருக்கிறேன் என்றேன். வரி கட்டாத கார் ரோட்டில் வரக்கூடாது என்றார். வரியை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். பதியாத எஞ்சினுக்கு வரி வாங்க முடியாதாம். காரை நேரில் பார்க்காமல் எஞ்சினைப் பதியவும் முடியாதாம். அப்படியானால் நான் பறந்தா வர வேண்டும் என்று கத்தினேன். அவர் நிதானமாக, "இழுத்துக்கிட்டு வரலாம்" என்றார்.

கார் அவருடைய ஜன்னலுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தது. கையை நீட்டினால் தொடலாம். அதை நானும் சூசை அண்ணனும் கேட்டுக்கு வெளியே தள்ளினோம். வண்டிப்பேட்டையிலிருந்து ஒரு ஜோடி மாடு பிடித்து வந்து, கயிறு கட்டி, மறுபடியும் இருபதடி உள்ளே இழுக்கச் செய்தோம். சலவைச் சட்டையோடு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. மாடுகளில் ஒன்று பாதி வழியில் நின்று சாணி போட்டது. குமாஸ்தா 'இழுத்து வரப்பட்டது' என்று எழுதி, மை காயும்வரை ஊதினார்.

பிறகு இன்ஸ்பெக்டர் வந்து பானெட்டைத் திறந்தார். விற்பனைச் சீட்டைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார். நம்பர் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று மின்னியது. பக்கத்தில் பச்சைப் பெயிண்டில் 'மாதா துணை' என்றிருந்தது. நம்பர் எங்கே என்று கேட்டார். சூசை அண்ணன்தான் முன்னால் வந்தார், பாராட்டு வாங்கப் போகிற முகத்தோடு.

"நான்தான் சார் அரம் போட்டு எடுத்தேன். தட்டுன லாஞ்சு எஞ்சினுல்லா? பழைய எழுத்தோட அடுத்த லாஞ்சுல ஏத்துனா, பழசுக்கு வந்த கேடும் கூடவே வரும். எங்க கரையில எல்லாத்தையும் ராவிட்டுத்தான் ஏத்துவோம்."

"இது லாஞ்சா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கல்யாணத்துக்குப் போற வண்டி சார். அதான் ரெண்டு தடவ ராவுனேன்."

நம்பரை அழித்த எஞ்சின் என்றால் திருட்டு எஞ்சினாகத்தான் இருக்குமாம். விசாரணை முடியும்வரை காரை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். சீட்டை ஆட்டினேன், சட்டம் பேசினேன், மேசையைக்கூடத் தட்டினேன். என்னைத் திருடன் என்று சொல்லாமல் சொன்ன அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது. சூசை அண்ணனைத் திட்டவும் வாய் வரவில்லை. திரும்பும்போது ரயிலில் அவர், நல்லவேளை தரையில் நடந்தது, கடலாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார்.

கல்யாணத்தன்று மாமனார் வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "கார் நெசமாவே இருக்கா, மாப்ள?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் நான் பாதியாகிவிட்டேன். நானும் மணப்பெண்ணும் வில்வண்டியில்தான் கிளம்பினோம். (அதுவும் மூத்த மருமகனிடம் இரவல் வாங்கியது.)

மறு வாரம் என் மனைவி தங்கம், அந்தக் காரைத் தான் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். ரயிலேறி மோட்டார் ஆபீஸுக்குப் போனோம். காவல்காரரிடம் கேட்டுக் கார்க் கதவைத் திறந்தாள். சீட்டில் இருந்த தூசியைத் தட்டிவிட்டுப் பின்னால் உட்கார்ந்தாள். என்னை முன்னால் உட்காரச் சொன்னாள். கால் மணி நேரம் இருவரும் ஆபீஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். எனக்கு மானம் போயிற்று. பிறகு அவள் இறங்கி, சேலையை உதறிக்கொண்டாள்.

"சரி, கார்ல கூட்டிட்டுப் போனியன்னு அப்பாட்ட சொல்லுதேன்" என்றாள்.

சொல்லியும்விட்டாள். மாமனார் கடைசிவரை அதை நம்பினார். புது நம்பர் அடித்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தபோது எங்கள் மூத்த மகனுக்குப் பல் முளைத்திருந்தது. காருக்கு ஒரு டயர்கூட மிச்சமில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் பிள்ளைகள் சோம்பலாக உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்கிறாய் என்று கேட்டால், "அப்பா கார்ல போய்ட்டிருக்கேன்" என்று பதில் வருகிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.