சொடக்கு போட்டவன் சட்டையைப் பிடித்த கதை

கவிதை கேட்டு உருகுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கவிதை கேட்டவனின் காலரைப் பிடித்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அதுவும் நானே படித்த கவிதைக்கு. (படிப்பு ஒன்பதாவதோடு சரி. கவிதைக்கும் எனக்கும் அதுவரை பேச்சுவார்த்தையே கிடையாது.)

எழுதியது என் அக்கா செல்வி. சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். காய்ச்சல் என்று படுத்தவள் நாலாம் நாள் இல்லை. அவள் கவிதை எழுதுவாள் என்பதே எங்களுக்குத் தெரியாது. மூன்று மாதம் கழித்து அவளுடைய சிநேகிதி நிவேதா கடலூருக்கு வந்து சொல்லித்தான் தெரிந்தது. கடை மூடினதும் இவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து எட்டுப் பக்கம் நகல் எடுத்து, நடுவில் ஸ்டேப்ளர் அடித்து, கைக்குக் கை கொடுக்கிற குட்டிப் பத்திரிகை நடத்தினார்களாம். ஜீன் என்று சொல்வார்களாம்.

"இந்த தடவ ஜீன் முழுக்க செல்விதான். வெளியிடுற அன்னிக்கு நீதான் தம்பி அவ கவிதையப் படிக்கணும்" என்று கவிதைத் தாளை என் கையில் கொடுத்தாள் நிவேதா.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "படிப்பான்மா. எனக்கு இன்னும் வருஷம் திரும்பல, நாலு பேரு கூடுற எடத்துக்கு வர முடியாது. டேய், போனப் போட்டு பாக்கெட்ல வச்சிக்க. எம்பொண்ணு என்னா எழுதுனான்னு ஒரு வார்த்த விடாம எனக்குக் கேக்கணும்."

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டவும் தெரியாது. வீட்டிலேயே படித்துக் காட்டலாம் என்று பார்த்தேன், முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. "உடு, அங்கேயே கேட்டுக்கறேன்" என்றுவிட்டாள். நான் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற மிஷினில் வேலை செய்கிறேன். அந்த இரைச்சலுக்கு நடுவில் நாலு நாள் பயிற்சி எடுத்தேன். ஆகவே கத்தல் பாணியில் கவிதை தயார்.

துணைக்குப் பழனி மாமா வந்தார். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். பஸ்ஸில் பாதி தூரம் போன பிறகுதான் கூட்டம் எங்கே என்று வாட்ஸ்அப்பில் வந்தது.

"கவிதய எதுக்குடா மாப்ள ஒளிஞ்சி ஒளிஞ்சி படிக்கிறாங்க? கேஸு கீஸு ஆயிடப் போவுது."

"அவுங்க அப்படித்தான் மாமா. போர்டு வைக்க மாட்டாங்க."

இடம் ஒரு வீட்டு மாடி. தகர ஷீட் போட்டு, பாட்டு, நாடகம், படம் வரைவது என்று எல்லாம் நடத்துகிற கூடம். நாற்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் மடியிலும் அக்கா பேர் போட்ட ஜீன். முதல் ஆளாக என்னையே கூப்பிட்டுவிட்டார்கள். அம்மாவுக்குப் போன் போட்டு, சட்டைப் பையில் வைத்து, மைக் முன்னால் நின்றேன்.

"இன்று நானூறு முகங்களை
வெளிச்சத்தில் வைத்து நகல் எடுத்தேன்.
ஒரு முகமும் என்னைப் பார்க்கவில்லை."

டக். முன்வரிசையில் தாடிக்காரன் ஒருத்தன் என்னைப் பார்த்துச் சொடக்கு போட்டான்.

எங்கள் பக்கம் சொடக்கு போட்டால் ஒன்று நாயைக் கூப்பிடுகிறார்கள், அல்லது சண்டைக்குக் கூப்பிடுகிறார்கள். சீக்கிரம் முடி என்கிறான் போல என்று நினைத்து வேகத்தைக் கூட்டினேன்.

"கடை அடைக்கும் நேரத்தில் கண்ணாடி மேல் என் கையை வைத்தேன்!"

டக் டக் டக். இப்போது நாலு பேர். மீன் ஏலம் விடுகிற வேகத்துக்குப் போனேன்.

"என்னைவிடக் கருப்பாக வந்தது!"

பத்துப் பேர். நானும் எத்தனை நேரம்தான் பொறுப்பேன்? பின்னாலிருந்து மாமா எழுந்தார். "டேய் தாடி! யாரப் பாத்துடா சொடக்கு போடுற? செத்துப்போன புள்ள எழுதுனதுடா அது!"

நான் மாமாவுக்கு முன்னால் போய்விட்டேன். மைக் ஒரு பக்கம் சாய, தாடிக்காரன் காலர் என் கையில் இருந்தது. "புடிக்கலன்னா எழுந்து போயேன்டா! எங்க அம்மா கேட்டுக்கிட்டு இருக்குடா!"

ஓங்கின கையோடு கிட்டத்தில் பார்க்கிறேன், அவன் கண்ணெல்லாம் தண்ணீர்.

"நல்லாருக்குன்னுதான் ப்ரோ போட்டேன்" என்றான்.

நிவேதா ஓடிவந்து என் கையைப் பிரித்தாள். "தம்பி, கீழ ஓனர் வீடு. மைக்குக்கே முணுமுணுப்பாரு, கை தட்டுனா காலி பண்ணச் சொல்லுவாரு. அதான் நாங்க சொடக்கு போடுவோம். ஒங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்." (மாமா போட்ட சத்தத்துக்கு ஓனர் ஏற்கெனவே படியேறி வந்து நின்றிருந்தார்.)

பூமி பிளந்தால் குதித்திருப்பேன். நிற்பது முதல் மாடி. பிளந்தாலும் ஓனர் வீட்டு ஹாலில்தான் விழுவேன். ஓடிவிடலாம் என்று படியைப் பார்த்தேன். அப்போது சட்டைப் பையிலிருந்து சன்னமாக ஒரு குரல்.

"டேய்... ஏன்டா நிறுத்திட்ட? கருப்பா வந்துது, அப்புறம்? அப்புறம் என்னா எழுதியிருக்கா?"

யாரோ மைக்கை நிமிர்த்தினார்கள். முதல் தடவையாகக் கத்தாமல் படித்தேன்.

"மடித்து வைத்திருக்கிறேன்,
அம்மாவுக்குக் காட்ட."

ஒருத்தரும் சொடக்கு போடவில்லை. என்னைப் பார்த்துப் பயந்துபோயிருந்தார்கள். பிறகு தாடிக்காரன், ஒரு கையால் காலரைத் தடவிக்கொண்டே, மெதுவாக ஒரு சொடக்கு போட்டான். பக்கத்தில் ஒன்று, பின்னால் ரெண்டு, அப்புறம் கூடம் மொத்தமும். மாமாகூட மூட்டை தூக்கின விரலை வைத்து முயற்சி செய்தார். சத்தமே வரவில்லை.

பாக்கெட்டில் அம்மா மூக்கை உறிஞ்சினாள். "எங்கிட்ட காட்டவே இல்லியேடா..." அப்புறம், "அது என்னாடா சத்தம்? மழையா அங்க?"

நாற்பது பேர் சொடக்கு, ஷீட்டில் தூறல் விழுகிற மாதிரிதான் இருந்தது. அத்தனை பேர் முன்னால் போனில் எதை விளக்குவது?

"ஆமாம்மா."

"ஐயையோ, துணி காயுது!" போன் கட் ஆனது.

ராத்திரி வீடு வந்தால் கடலூரில் ஒரு சொட்டு மழை இல்லை. கட்டில் மேல் அத்தனை துணியும் ஈரத்தோடு மடித்து வைத்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். ஜீனின் கடைசிப் பக்கத்தில் அக்கா கையின் நகலையே போட்டிருந்தார்கள். அம்மா அதை ரொம்ப நேரம் பார்த்தாள். "இவ்ளோ கருப்பா எம்பொண்ணு? மை ஜாஸ்தி போட்டுட்டானுங்க" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

இப்போதும் தெற்கே, சிதம்பரம் பக்கம், வானம் கறுத்தால் போதும். கொல்லையிலிருந்து அம்மா கூப்பிடுவாள்:

"டேய், எவனோ ஒங்க அக்காவப் படிக்கிறான்டா! ஓடியா, துணிய எடு!"