பத்து மணி ஊளை

வீட்டு ஓனர் மாடி வாசலில் நின்று ஊளையிட்டுக் காட்டினார்.

"ஊ... ஊஊ... ஊஊஊ... இப்படித்தான் தம்பி. ஆரம்பத்துல மெதுவா வரும். அப்புறம் மேல போகும். போய் அங்கேயே நிக்கும். இறங்கவே இறங்காது."

கதவைத் திறந்த சமாதானம் ஓர் அடி பின்வாங்கினான். அறுபத்திரண்டு வயது மனிதர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில், மூக்கை வானத்துக்குத் தூக்கி இவ்வளவு தத்ரூபமாக ஊளையிடுவதை அவன் பார்த்ததில்லை. காலடியில் இருந்த நாய்க்குட்டியும் பார்த்ததில்லை போலும். அலறியடித்துக்கொண்டு சோபாவுக்கு அடியில் நுழைந்துவிட்டது.

"தினமும் காலைல பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும். நீங்க ரெண்டு பேரும் ஜாலியா வேலைக்குப் போயிடறீங்க. கீழ தனியா உக்காந்து கேக்கறது யாரு? நான்!"

"நாளையிலேர்ந்து சத்தம் வராது சார். நான் பொறுப்பு."

இந்த வாக்கியம் அவன் வாயில் தானாக வரும். ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் ஒன்பது வருடமாக போன் எடுக்கிறான். எதிர்முனையில் யார் எவ்வளவு கத்தினாலும் சமாதானம் சொல்வதுதான் உத்தியோகம். ஆபீஸில் அவனுக்குச் 'சமாதானம்' என்றே பெயர் வைத்து, அது தெருவரைக்கும் வந்துவிட்டது. சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயரைக் கேட்டால் இப்போது அவனே ஒரு நொடி யோசிப்பான்.

ஓனருக்குப் பின்னால் ஓனரம்மா தயங்கித் தயங்கி நின்றிருந்தார்.

"உங்களுக்கும் ரொம்பத் தொந்தரவாம்மா?" என்று சமாதானத்தின் மனைவி கேட்டாள்.

"எனக்கு அவ்வளவு மோசமாத் தெரியலையே," என்றார் ஓனரம்மா.

"உனக்குக் காது போச்சு!" என்று ஓனர் படியிறங்கினார்.

குட்டி அவர்களுடையதே அல்ல. மனைவியின் தம்பி இரண்டு மாதத்துக்கு முன்னால் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்து, "ஒரே ஒரு வாரம் மாமா," என்று சொல்லி வைத்துவிட்டு வெளியூர் வேலைக்குப் போனவன். போன் செய்தால், "நான் தங்கியிருக்கிற ஹாஸ்டல்ல கரப்பான்பூச்சிக்கே அனுமதி இல்ல மாமா," என்பான். இப்போது அவனே வந்து கேட்டாலும் கொடுக்கிற நிலையில் இவர்கள் இல்லை. குழந்தை இல்லாத வீட்டில், சாயங்காலம் கதவைத் திறந்ததும் நாலு கால் ஒரு வால் மொத்தமும் ஆட ஓடிவருகிற ஜீவனை எப்படிக் கொடுப்பது?

"அது நம்மளைத் தேடி அழுவுது," என்றாள் மனைவி. "உங்க பழைய சட்டை ஒண்ண விரிச்சுட்டுப் போவோம். வாசனை இருந்தாத் தூங்கிடும்."

"ஏன், உன் புடவை ஒண்ணு?"

"உங்க சட்டையிலதான் வாசனை ஜாஸ்தி."

மறுநாள் சாயங்காலம் சமையலறையில் குட்டி உற்சாகமாக இருந்தது. சட்டையில் பட்டன் ஒன்றுகூட இல்லை. ஓனர் மாடிப்படியிலேயே காத்திருந்தார்.

"இன்னைக்கு அஞ்சு நிமிஷம் கூடுதல்," என்றார்.

பட்டன்களுக்காகக் கால்நடை மருத்துவரிடம் ஓடினார்கள். அவர் குட்டியின் வயிற்றை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ரெண்டு நாள்ல வெளிய வந்துடும். எடுத்துத் திருப்பித் தைக்கறதும் விடறதும் உங்க இஷ்டம்."

"டாக்டர், பத்து மணியானா ஊளையிடுதாம்."

"கரெக்டா பத்துக்கா?"

"டாண்ணு பத்துக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் கிடையாது. அன்னைக்கு நாங்க வீட்ல இருப்போம்."

"அப்ப தனிமைதான். மனுஷக் குரல் கேட்டா அடங்கிடும். ரேடியோ போட்டுட்டுப் போங்க."

ரேடியோ போட்டார்கள். அன்று சாயங்காலம் ஓனர் படியில் காத்திருக்கவில்லை. தெருமுனைக்கே வந்துவிட்டார்.

"இது என்ன தம்பி அநியாயம்? முன்னாடி ஊளை மட்டும்தான். இப்ப ரேடியோவில பாட்டு வருது, அதுக்குப் போட்டியா உங்க குட்டியும் பாடுது! ஒரு எடத்துலயாவது சுருதி சேரணுமே? பாடினவங்க கேட்டா கேஸ் போடுவாங்க!"

வீட்டு வாசலில் ஓனரம்மா சமாதானத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரேடியோ வேணாம் தம்பி. கவனம் சிதறுது."

"யாருக்கும்மா?"

ஓனரம்மா கொஞ்சம் விழித்தார். "குட்டிக்குத்தான்."

அந்த அம்மாவுக்குக் குட்டிமேல் தனிப் பாசம். ஓனர் தூங்கும்போது ஒரு கிண்ணம் பாலோடு மாடிக்கு வருவார். குட்டி குடித்து முடிக்கும்வரை அதன் முதுகைத் தடவி, "பாவம், உனக்குத்தான் எவ்வளவு திட்டு," என்று பெருமூச்சு விடுவார். இப்படியும் ஒரு நல்ல மனசா என்று மனைவி உருகிப்போவாள்.

மூன்றாவது யோசனையும் அவளுடையதுதான். அவள் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். காலை எட்டரைக்குத் திறக்கும். பின்பக்க அறையில் பஞ்சுப் பெட்டிகளுக்கு நடுவே குட்டியை விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஒன்பது மணிக்கு எல்லோருக்கும் தெரிந்தது. ஆறு வாரம் காத்திருந்து செய்த புதுப் பல்செட்டைப் போட்டுப் பார்க்க ஒரு பெரியவர் வந்திருந்தார். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். மனைவி தட்டை நீட்டினாள். தட்டு காலி.

வரவேற்பறையில் யாரோ வீறிட்டார்கள். பல்செட்டை வாயில் கவ்வியபடி குட்டி ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று வாலாட்டிக்கொண்டிருந்தது. மேல்வரிசைப் பல் முழுக்க வெளியே தெரிய, சிரித்த முகமாக ஒரு நாயைப் பார்த்ததும், பல் பிடுங்க வந்த இரண்டு பேர் வலி போய்விட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

"பிதி அதை! பிதி!" என்று பெரியவர் பொக்கை வாயோடு துரத்தினார்.

டாக்டர் கத்தவில்லை. முகமூடியைக் கழற்றினார். "இதுவா, வேலையா? நீயே சொல்லும்மா," என்றார்.

ஒன்பதே முக்காலுக்குக் குட்டி பழையபடி வீட்டுச் சமையலறையில் இருந்தது. பத்து மணிக்கு, ஓனரின் வாக்குமூலப்படி, ஊளை ஆரம்பித்தது.

"போதும் தம்பி," என்றார் அவர் அன்று. இந்தத் தடவை நடித்துக் காட்டவில்லை. குரலிலும் சூடு இல்லை. அதுதான் சமாதானத்துக்குப் பயமாக இருந்தது. "எனக்கு ரத்த அழுத்தம் ஏறிப்போச்சு. குட்டியா, வீடா? வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு முடிவு பண்ணுங்க."

அன்று இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. இந்த வாடகைக்கு இரண்டு பேர் வேலைக்கும் பக்கத்தில் வேறு வீடு கிடைக்காது. மனைவி குட்டியை மடியில் போட்டுக்கொண்டு, அதன் காதுக்குள், "யாராவது நல்லவங்களாப் பார்த்து..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் எழுந்து போனாள். குட்டி அவன் செருப்பைக் கடித்துக்கொண்டே அவனை நிமிர்ந்து பார்த்தது.

ஒன்பது வருடமாக ஊருக்கெல்லாம் பொறுப்பேற்றவனுக்கு அன்றுதான் நிஜமாகவே வீரம் வந்தது. "யாருக்கும் கொடுக்க வேணாம். வெள்ளிக்கிழமை நான் ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போறேன். ஒரே ஒரு நாள் வீடு அமைதியா இருக்கட்டும். மனுஷன் மனசு மாறிடும்."

"உங்க மேனேஜர்?"

"நான் பொறுப்பு."

வெள்ளிக்கிழமை குட்டி தோள்பையில் ஆபீஸ் போனது. மேஜையின் கீழ் டிராயரைக் காலி செய்து, துண்டு விரித்து, அதில் இறக்கினான். காற்றுக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டான். சமர்த்தாகச் சுருண்டு தூங்கிவிட்டது. பத்து மணிக்குச் சமாதானம் மூச்சைப் பிடித்துக்கொண்டு டிராயரைப் பார்த்தான். ஊளையும் இல்லை, ஒன்றும் இல்லை. குறட்டைதான் வந்தது. பதினொன்று ஆனது. பார், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறது என்று அவனுக்குக் கண் கலங்கியது.

பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிடத்தில், கோபக்கார வாடிக்கையாளர் ஒருவர் போனில் வந்தார். அவர் போட்ட சத்தத்தில் டிராயர் விழித்துக்கொண்டது.

"உர்ர்ர்ர்."

"என்னய்யா, என்னைப் பார்த்து உறுமறியா?"

"ஐயோ இல்ல சார், லைன்ல ஏதோ..."

"உர்ர்ர்ர். வவ்!"

"குரைக்கறியா! உன் பேரு என்ன?"

பதற்றத்தில் "சமாதானம் சார்," என்று சொல்லிவிட்டான். புகார்ப் பிரிவின்மேலேயே புகார் பதிவாயிற்று. அவன் குனிந்து பார்ப்பதற்குள் டிராயர் காலி.

மேனேஜருக்கு ஒரு பழக்கம் உண்டு. அறைக்குள் மேஜைக்கடியில் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலாட்டிக்கொண்டு இருப்பார். அன்று தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். அவரை வரவேற்க எழுந்த மேனேஜருக்கு ஒரு ஷூதான் கிடைத்தது. விந்தி விந்தி வெளியே வந்து கைகுலுக்கிய அதே நேரத்தில், இன்னொரு ஷூ தானாகத் தரையில் நகர்ந்து இரண்டு பேருக்கும் நடுவே வந்து சேர்ந்தது. பின்னால் வால் ஒன்று ஆடியது.

அதிகாரி நாயைப் பார்த்தார். மேனேஜரின் சாக்ஸைப் பார்த்தார். சாக்ஸில் ஓட்டை இருந்தது.

"இது யாருது?" என்று மேனேஜர் பல்லைக் கடித்தார்.

குட்டி நேராகப் போய்ச் சமாதானத்தின் காலடியில் ஷூவைக் காணிக்கையாக வைத்தது.

மெமோ அரை மணி நேரத்தில் டைப்பாகி வந்தது. காலை ஒன்பதரை முதல் அலுவலகத்துக்குள் நாயைப் பதுக்கி வைத்தது, வாடிக்கையாளரிடம் குரைத்தது, உயரதிகாரியின் காலணியைச் சேதப்படுத்தியது. இவற்றில் எது அவன் செய்தது, எது நாய் செய்தது என்று மெமோ பிரித்துச் சொல்லவில்லை. மூன்று நாள் வீட்டிலிருந்து விளக்கம் எழுதச் சொன்னது.

போகட்டும் என்று நினைத்துக்கொண்டான் சமாதானம். வேலை ஆட்டம் கண்டாலும் வீடு தப்பித்ததே. குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சாயங்காலம் தெருவுக்குள் நுழைந்தபோது, ஓனர் ஸ்டூலின்மேல் ஏறி, கேட்டில் 'வீடு வாடகைக்கு' என்ற பலகையைக் கட்டிக்கொண்டிருந்தார். அவன் மனைவி கீழே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். சுவரோரம் ஓனரம்மா.

"சார்! என்ன சார் இது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்னீங்களே?"

"சாயங்காலம் ஆயிடுச்சு. இன்னைக்கு மாதிரி என்னைக்குமே இல்ல தம்பி. புதுசா ஒரு குலுக்கல் வேற. ஊ-ஊ-ஊ-ஊன்னு. நான் தலகாணியைத் தலைமேல கட்டிக்கிட்டேன்."

"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான். பத்துலேர்ந்து பன்னெண்டேகால்."

சமாதானம் குட்டியை மனைவியிடம் கொடுத்தான். பையிலிருந்து மெமோவை எடுத்து ஓனரிடம் நீட்டினான். அவர் ஸ்டூலில் நின்றபடியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 'காலை ஒன்பதரை முதல்' என்ற இடத்தில் விரலை வைத்து இன்னொரு தரம் படித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சமாதானத்துக்குச் சமாதானம் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஓனர் மெதுவாக ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

"அப்ப ரெண்டு மாசமா... மேலேர்ந்து... கழுத்தை அறுத்த மாதிரி கத்தறது எது? பேயா?"

ஓனரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார்.

"பேயும் இல்ல, நாயும் இல்ல. மொட்டை மாடியில நான்தாங்க பாட்டுக் கத்துக்கறேன்."